மூலத்துக்கு லேசர் செய்யக் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 43 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். சம்பளம் 19,000 ரூபாய், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. ஆறு மாதமாக மூலத் தொந்தரவு, ரத்தமும் போகிறது. ஒரு கிளினிக்கில் இரண்டாம் நிலை மூலம் என்று சொல்லி, லேசருக்கு 85,000 ரூபாய் கேட்கிறார்கள். வட்டியில்லாத் தவணை உண்டாம், இந்த வாரமே கட்டினால் தள்ளுபடியாம். என் மச்சான், தெரிந்த ஃபைனான்ஸில் 2 ரூபாய் வட்டிக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். தங்கை மகளின் சீருக்கு இரண்டு வருடம் முன்பு அங்கேதான் 60,000 வாங்கினேன். வட்டி தவறாமல் கட்டுகிறேன். எதில் வாங்குவது? புதிதாக ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்து ஆபரேஷன் செய்யலாமா?

பதில்: லேசரைப் பிறகு பார்ப்போம். "வட்டி தவறாமல் கட்டுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேச வேண்டும். மாதம் 1,200 வீதம் 24 மாதத்தில் 28,800 ரூபாய் கட்டிவிட்டீர்கள். அசல் அதே 60,000. நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் படத்தில் 'வட்டி வரவு' என்றே வரிசையாக இருக்கிறது. 'அசல் வரவு' என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் பணம் கரைவது இங்கேதான்.

இதே பழக்கத்தோடு இன்னொரு 85,000 வாங்கினால் என்ன ஆகும்? பழைய வட்டி 1,200, புது வட்டி 1,700, ஆக மாதம் 2,900. 27 மாதம் கழித்து 78,300 ரூபாய் கட்டியிருப்பீர்கள், 1,45,000 அசல் அப்படியே நிற்கும். புதுக்கடன் வாங்காமல் அதே 2,900-ஐ பழைய கடனுக்கே கட்டிப் பாருங்கள். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால், அதே 27 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். ஃபைனான்ஸ்காரரிடம் இதை முதலிலேயே பேசி, நோட்டில் அசல் வரவைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

சரி, வைத்தியத்துக்குப் பணம்? அதை ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம், இரண்டும் சேர்த்து மாதம் சுமார் 760 ரூபாய் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் போகிறது. வருடத்துக்கு 9,000 ரூபாய்க்கு மேல். கடிதத்தில் பிடித்தத்தைச் சொன்னீர்கள், அங்கே போய்க் காட்டியதாக ஒரு வார்த்தையும் இல்லை. "ஈ.எஸ்.ஐ.யிலா காட்டுவது" என்று வீட்டில் யாராவது முகம் சுளித்தால், கடனைக் கட்டப்போவது அவர்களா என்று கேளுங்கள். உங்கள் 10 இலக்கக் காப்பீட்டு எண்ணோடு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய், அங்கிருந்து ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குச் சீட்டு வாங்குங்கள். கோவை சிங்காநல்லூரில் அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையே இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வியைச் சொல்லலாம். இரண்டாம் நிலை என்றால், முக்கும்போது வெளியே வந்து தானாகவே உள்ளே போய்விடும் மூலம். விரலால் தள்ள வேண்டியிருந்தால் மூன்றாம் நிலை, தள்ளினாலும் போகாவிட்டால் நான்காம் நிலை. இரண்டாம் நிலைக்கு நார்ச்சத்து, தண்ணீர், இசப்கோல், வெந்நீர்த் தொட்டியில் உட்காருவது இவற்றோடு ரப்பர் பேண்ட் போடும் முறையும் உண்டு. மூலத்தின் அடியில் சின்ன ரப்பர் வளையத்தை மாட்டுவார்கள். ரத்த ஓட்டம் நின்று சில நாளில் அது உதிர்ந்துவிடும். மயக்க மருந்து தேவைப்படுவதில்லை, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். என் அண்ணன் காலையில் போட்டுக்கொண்டு மதியம் பஸ்ஸில் வந்தார்; இரண்டு நாள் கனமாக இருந்தது என்றார். சிலருக்குத் திரும்ப வரும், மறுபடியும் போட வேண்டியிருக்கும். "எனக்கு பேண்ட் போதாதா, ஏன் போதாது?" என்று நேராகக் கேளுங்கள். அப்புறம், 43 வயதில் போகும் ரத்தத்தை மூலம்தான் என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. குடலுக்குள் ஸ்கோப் விட்டுப் பார்க்க வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். துத்திக் கீரை, கருணைக்கிழங்கு சாப்பிடுங்கள், நல்லதுதான். அதை நம்பி இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

புதுக் கருவி என்பதற்காகவே அது மேல் என்றும் நினைக்க வேண்டாம். கருவியால் திசுவை வெட்டிப் பின் அடிக்கும் ஸ்டேப்ளர் முறை வந்தபோதும் இதே பரபரப்புதான். பிரிட்டனில் 777 பேரை வைத்து அதைப் பழைய வெட்டி எடுக்கும் ஆபரேஷனோடு ஒப்பிட்டார்கள். ஆரம்ப வாரங்களில் ஸ்டேப்ளரில் வலி குறைவு. ஆனால் இரண்டு வருடக் கணக்கில் பழைய முறைதான் மேல், செலவும் குறைவு என்று 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

வட்டியில்லாத் தவணை என்பதும் கடன்தான். ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு என்று கேளுங்கள். 75,000 என்றால், அந்த 10,000-தான் வட்டி. பிராசஸிங் கட்டணம் தனி.

ஹெல்த் இன்சூரன்ஸ் இதற்கு உதவாது. பெரும்பாலான பாலிசிகளில் மூலத்துக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு. இருக்கிற நோயை மறைத்து எடுத்தால் பின்னால் க்ளெய்மே போய்விடும். ஆன்லைனில் "இன்றே எடு, நாளையே பயன்" என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள்.

ஒருவேளை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றால் 15 நாள் வேலைக்குப் போக முடியாமல் போகலாம். அதற்கும் ஈ.எஸ்.ஐ.யில் வழி இருக்கிறது. முந்தைய ஆறு மாதக் காலத்தில் 78 நாளாவது பங்குத்தொகை கட்டியிருந்தால், நோய்க்கால உதவியாகத் தினசரிக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். முதல் 2 நாளுக்குக் கிடையாது. மீதி 13 நாளுக்குச் சுமார் 5,700 ரூபாய் வரும். ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் இல்லாமல் இது வராது. சேர்ந்த அன்றே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.