கீபோர்டு வயருக்கும் கணினிக்கும் நடுவே

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் மேசையை நகர்த்தித் துடைத்தபோது, கீபோர்டு வயர் சிபியூவில் நேராகச் செருகப்படாமல், கட்டைவிரல் நீளமுள்ள ஒரு கறுப்புத் துண்டின் வழியாகச் செருகப்பட்டிருப்பதைக் கண்டேன். அது, தட்டும் எழுத்துகளை ரகசியமாகப் பதிவுசெய்யும் ‘கீலாகர்’ ஆக இருக்கலாம் என்கிறார் உடன் பணிபுரிபவர். பணம் கட்டி வாங்கிய ஆன்டிவைரஸ் ஒரு முறைகூட எச்சரிக்கவில்லையே? இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஆன்டிவைரஸின் வேலை, கணினிக்குள் இருக்கும் கோப்புகளையும் அங்கே இயங்கும் மென்பொருள்களையும் ஆராய்வது. நீங்கள் கண்டது கீலாகர்தான் என்றால், அது கணினிக்குள் எதையும் நிறுவியிருக்கத் தேவையில்லை. கீபோர்டிலிருந்து வயர் வழியே போகும் ஒவ்வொரு எழுத்தையும் நடுவழியில் படித்துத் தன்னுடைய நினைவகத்தில் பதித்துக்கொண்டு, அதே எழுத்தைக் கணினிக்கும் அனுப்பிவிடும். அதற்கு வேண்டிய சிறிதளவு மின்சாரம் அந்த யூஎஸ்பி துளையிலிருந்தே கிடைத்துவிடுகிறது. விண்டோஸ் திறப்பதற்கு முன்பு தட்டும் கடவுச்சொல்கூட அதில் பதிவாகும் என்பதால், வன்தட்டைப் பூட்டி வைத்திருக்கிறோம் என்ற நிம்மதிக்கும் இங்கே இடமில்லை.

மென்பொருளே இல்லாத தட்டச்சுப் பொறியிலும் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். 1984இல் அமெரிக்கா தன் மாஸ்கோ தூதரகத்திலிருந்த மின்சாதனங்களை ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, ஐபிஎம் செலக்ட்ரிக் தட்டச்சுப் பொறிகளின் உள்ளே இருந்த உலோகச் சட்டத்துக்குள் சோவியத் ஒற்றர்கள் ஒளித்து வைத்த கருவி வெளிப்பட்டது. பொறியில் தட்டப்படும் எழுத்துகளை அது வானொலி அலையாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் சேர்த்து இப்படிப்பட்ட 16 பொறிகள் அகப்பட்டன. அங்கே ஒளித்து வைக்க ஓர் அரசின் உழைப்பு வேண்டியிருந்தது. இன்று அதே வேலையைச் செய்யும் துண்டை எவரும் இணையத்தில் வாங்கி, நீங்கள் தேநீர் குடிக்கப் போன இடைவெளியில் செருகிவிடலாம் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

முதலில், அவசரப்பட்டு அதைப் பிடுங்காதீர்கள். பழைய வட்டமுனைக் கீபோர்டை யூஎஸ்பி துளையில் பொருத்த உதவும் சாதாரண அடாப்டரும் இதே தோற்றத்தில் இருக்கும். ஆகவே அது எப்படிச் செருகப்பட்டிருக்கிறது என்பது தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, கணினியைப் பராமரிப்பவரிடம், ‘இதை நீங்கள் பொருத்தினீர்களா?’ என்று நிர்வாகத்தின் முன்னிலையில் கேளுங்கள். யூஎஸ்பி முனையுள்ள கீபோர்டுக்கு அப்படியோர் அடாப்டர் தேவையே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். எவரும் பொறுப்பேற்காவிட்டால், அந்தக் கணினியில் அதன் பிறகு ஓர் எழுத்தும் தட்டக் கூடாது. அங்கே பயன்படுத்திய கடவுச்சொற்கள் அனைத்தையும் வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். மின்னஞ்சலையும் வங்கிக் கணக்கையும் முதலில் மாற்றுவது நல்லது, ஏனெனில் மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் வழி பெரும்பாலும் மின்னஞ்சல் வழியாகவே போகிறது. பணம் போயிருந்தால், இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

அந்தத் துண்டுக்குள் உங்கள் கடவுச்சொற்கள் மட்டுமல்ல, அந்த இருக்கையில் உட்கார்ந்த எல்லோருடையவையும் இருக்கக்கூடும். ஆர்வத்தில் அதை வேறு கணினியில் செருகித் திறந்து பார்க்க எவரையும் அனுமதிக்காதீர்கள். மின்சாரம் நின்றாலும் பதிவு அழிவதில்லை. அது காவல்துறைக்குப் பயன்படும் சான்று. வைஃபை வசதியில்லாத கருவி என்றால், வைத்தவர் அதை எடுக்க மீண்டும் அதே மேசைக்கு வந்தாக வேண்டும், ஆகவே கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் அழிந்துபோகாமல் பாதுகாக்கச் சொல்லுங்கள். பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இதனால்தான் இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: இப்படி ஏதாவது அகப்பட்டால் அலுவலகங்களில் முதலில் சந்தேகிக்கப்படுபவர் துப்புரவுப் பணியாளராகவே இருக்கிறார். சான்று இல்லாமல் அவர்மீது பழி விழ நீங்கள் இடம் கொடுக்கக் கூடாது.

கேள்வி: பிரவுசிங் சென்டரில் திரையில் தோன்றும் கீபோர்டை மவுஸால் சொடுக்கிக் கடவுச்சொல்லை இட்டால் போதுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கீபோர்டு வயரில் செருகிய கருவியிடமிருந்து அது காக்கும், ஏனெனில் சொடுக்கிய எழுத்து அந்த வயர் வழியே போவதில்லை. திரையைப் படம் பிடிக்கும் வேவு மென்பொருள் அதே கணினியில் இருந்தால் அது காக்காது. 2011இல் இங்கிலாந்தின் வில்ம்ஸ்லோ, ஹேண்ட்ஃபோர்த் ஆகிய ஊர்களின் பொது நூலகக் கணினிகளிலேயே, கீபோர்டு வயரில் செருகும் கீலாகர் கருவிகள் கண்டெடுக்கப்பட்டன. யார் வேண்டுமானாலும் உட்காரும் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காமல் இருப்பதே என் அறிவுரை. வேறு வழியே இல்லையென்றால், குனிந்து கீபோர்டு வயரைக் கடைசி வரை கண்ணால் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு உட்காருங்கள். ஓடிபி பதிவானாலும் பயன்படுத்திய பின் அது செல்லாது. ஓடிபி கேட்காத மின்னஞ்சல் கணக்குக்குத்தான் ஆபத்து அதிகம், அதற்கு இரட்டைச் சரிபார்ப்பை இன்றே உங்கள் கைப்பேசியில் அமைத்துவிடுங்கள்.