பசையா, ஆணியா?

அன்பின் ஐயா,

சென்ற வாரக் கட்டுரையில் ‘உடலின் கலங்கள் (உயிரணுக்கள்) பசை பூசியதுபோல ஒட்டியிருக்கின்றன’ என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் உயர்தரப் பாடத்திலோ கலங்கள் இணையும் இடங்களாக இறுக்கமான சந்தி, நங்கூரச் சந்தி, இடைவெளிச் சந்தி என்று மூன்று வருகின்றன. ஒட்டுவதற்கு எதற்கு மூன்று? மனனம் செய்கிறேன், மறந்துபோகிறது.

மாணவி ஒருவர், மூதூர்

அன்பின் மகளுக்கு,

பசை என்று எழுதியது என் சோம்பேறித்தனம். திருத்திக்கொள்கிறேன்.

சின்ன வயதில் திருக்கடலூர்க் கரையில் பலகை வள்ளம் பழுதுபார்ப்பதை மணிக்கணக்காகப் பார்த்து நின்றிருக்கிறேன். பலகைகளைப் பிடித்து வைத்திருப்பது ஆணி. ஆனால் ஆணி தண்ணீரை மறிக்காது. அதற்கு இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பற்று வைப்பார்கள். ஆணி இல்லாமல் கலப்பற்றை மட்டும் நம்பினால் அலை பலகையைப் பிரித்துவிடும். (உயிரணுவுக்கும் கப்பலுக்கும் நம் பாடநூலில் கலம் என்ற ஒரே சொல் இருப்பது எனக்கு வசதியாகிவிட்டது.)

குடலின் உட்சுவரில் கலப்பற்று வேலை இறுக்கமான சந்திக்கு. ஒவ்வொரு கலத்தின் மேல் விளிம்பையும் பட்டிபோலச் சுற்றி ஓடுகிறது. அதனால் நீ சாப்பிட்டது கலங்களின் இடுக்கால் கசிந்துவிடாமல், பெரும்பாலும் கலத்துக்குள் புகுந்தே இரத்தத்துக்குப் போகிறது. இந்த அடைப்பின் முக்கியப் புரதத்தை 1998இல் ஜப்பானில் ஷோயிச்சிரோ சுகிதாவின் குழு கண்டறிந்து, ‘மூடு’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து கிளாடின் என்று பெயர் வைத்தது. முழு அடைப்பும் அல்ல. சில வகைக் கிளாடின்கள் குறிப்பிட்ட அயன்களுக்கு (மின்னேற்றமுள்ள துகள்களுக்கு) வழி விடும்.

நங்கூரச் சந்தியான டெஸ்மோசோம்தான் ஆணி. புள்ளி புள்ளியாக இருக்கும். கலத்துக்குள்ளே கெரட்டின் என்ற புரத இழைகள் வந்து அதில் கட்டப்பட்டிருக்கும். இது பிடியை விட்டால் என்ன ஆகும் என்பதைப் பெம்பிகஸ் நோயாளியின் தோலில் பார்க்கலாம். நோயை எதிர்க்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதியே டெஸ்மோசோமின் புரதத்தைத் தாக்குகிறது. விரலால் இலேசாகத் தேய்த்தாலே மேற்படை வழுகிக் கழன்றுவிடும்.

மூன்றாவது ஒட்டுவதற்கானதே அல்ல, துளை. ஆறு கொனெக்சின் புரதங்கள் வட்டமாகக் கூடி அரைக் குழாய் ஆகின்றன. பக்கத்துக் கலத்தின் அரைக் குழாய் அதனோடு வாய்க்கு வாய் பொருந்துகிறது. அயன்களும் சிறு மூலக்கூறுகளும் போகும், புரதம் போகாது. கரைவலை இழுப்பவர்கள் ஒரே மூச்சில் இழுக்க அம்பாப் பாட்டு வேண்டும். இதயத் தசைக் கலங்களுக்குப் பாட்டு வேண்டாம்; கலத்துக்குக் கலம் அயன் பாய்ந்து, எல்லாம் சேர்ந்து சுருங்குகின்றன.

அந்த இதயத் தசைக் கலங்கள் சந்திக்கும் இடத்தில் ஆணியும் துளையும் அருகருகே இருக்கின்றன, கலப்பற்று மட்டும் இல்லை. ஏன் என்று புத்தகத்தைத் திறக்காமல் அடுத்த கடிதத்தில் எழுது.