விமானம் ஏறும் முன்பே எழுத வேண்டிய மின்னஞ்சல்

பெருந்துறையிலிருந்து கேட்டிருக்கிறாய் அம்மிணி: "செப்டம்பரில் இங்கிலாந்தில் முதுகலை சேர்கிறேன். எனக்குப் பார்வை இல்லை. இங்கே தோழிகள் படித்துக் காட்டினார்கள். அங்கே என்ன செய்வது அண்ணா?"

நானும் பார்வையில்லாதவன்தான். கோபியிலிருந்து வந்து லீட்ஸில் படித்து, இங்கேயே வேலை பார்க்கிறேன். தோழிகளை நம்பியிருக்கும் நிலை இங்கே வராது, வேலையை நீ இப்போதே தொடங்கினால்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இங்குள்ள அரசு தரும் உதவித்தொகை, மாணவர் விசாவில் வருபவர்களுக்குக் கிடையாது. அதற்காகச் சோர்ந்துவிடாதே. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கடமையைப் பல்கலைக்கழகத்தின் தலையில்தான் வைக்கிறது. நியாயமான வசதிகளை அவர்களே செய்துதர வேண்டும், செலவை உன்னிடம் வாங்கக் கூடாது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை.

அதனால் மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவுக்கு இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்பு. 'பார்வைக் குறைபாடு' என்று மொட்டையாக எழுதினால் பெரிய எழுத்தில் அச்சடித்த தாளை நீட்டுவார்கள். என்விடிஏ (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள்) வைத்துக் கேட்டுப் படிக்கிறேன், ஸ்கேன் செய்த பிடிஎஃப் எனக்கு வெற்றுத்தாள், வேர்டு அல்லது ஈபப் (மின்னூல்) கோப்பாக வேண்டும், பாடநூல் பட்டியல் முன்கூட்டியே வேண்டும், தேர்வில் கணினியும் கூடுதல் நேரமும் வேண்டும் என்று பிட்டுப் பிட்டு வை. நம் யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை இங்கே பலருக்கு விளங்காது. கோவையில் கண் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்கு. குறைபாட்டின் சதவீதத்தோடு நிறுத்தாமல், அச்சைப் படிக்க இயலாது என்றும் எழுதச் சொல்.

அடுத்தவருக்கு எதற்குச் சிரமம் என்று கூசி வளர்ந்தவர்கள் நாம். இங்கே கூசினால் பாதிப் பருவம் போன பிறகுதான் புத்தகம் கைக்கு வரும். எனக்கு ஒரு விரிவுரையாளர் சமன்பாடுகளையெல்லாம் படமாகவே போட்டுவந்தார். என்விடிஏ அவற்றை வாசிப்பதை ஒலிப்பதிவு செய்து அந்தப் பிரிவுக்கு அனுப்பினேன்: 'கிராஃபிக், கிராஃபிக், கிராஃபிக்' என்று ஒரு பக்கம் முழுக்க. அடுத்த பாடம் வேர்டில் வந்தது.

இன்னொன்று. பல்கலைக்கழகத் தளத்தில் எதெது திரைவாசிப்பானுக்கு ஒத்துவராது என்று அவர்களே எழுதி வெளியிட வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு விதி. அந்த அறிக்கையைத் தேடிப் படித்துவிட்டுப் பேசு. மரியாதை தானாகக் கூடும். பார்வையற்றோருக்கான ஆர்என்ஐபி தொண்டு நிறுவனத்தின் புக்‌ஷேர் நூலகமும் இலவசம். பதிவு செய்துதரச் சொல்லி மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவிடம் கேள்.

என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருள் தமிழும் வாசிக்கும், குரல்தான் கொஞ்சம் கரடுமுரடு. வீட்டிலிருந்து எழுதுபவர்களிடம் யூனிகோடில் அனுப்பச் சொல்லிவிட்டு வா. பழைய எழுத்துருவில் அடித்தது வெறும் குப்பையாகத்தான் கேட்கும்.