ஊருக்கு ஒரு இணையத்தளம்: பல லட்சம் ஏன்?

அளவெட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: சனசமூக நிலையத்துக்கு ஒரு தளம் வேண்டும், ஊரில் இருப்பவர்களும் கனடா, லண்டன் ஆக்களும் தாங்களே ஊர் வரலாறு எழுதி, பழைய படங்கள் ஏற்றி, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தவும் முடிய வேண்டும். விசாரித்த இடத்தில் பல லட்சம் ரூபாய் கேட்கிறார்களாம், நியாயமா?

இல்லை, கொடுக்காதீர்கள். நீங்கள் கேட்கிற அத்தனையும் ஏற்கனவே எழுதி முடித்த மென்பொருளாக இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு காலத்தில் பயனர் கணக்கு, திருத்தும் பெட்டி, யார் எதை எப்போது மாற்றினார் என்ற பதிவு எல்லாவற்றையும் ஒருவர் இருந்து எழுத வேண்டியிருந்தது, காசும் அதற்குத்தான் போனது. 1995இல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் முதல் விக்கியை, அதாவது வாசகர்களே பக்கங்களை எழுதித் திருத்தக்கூடிய தளத்தை, இணையத்தில் விட்டார். 2002இல் விக்கிப்பீடியாவுக்கென்று எழுதிய மென்பொருள்தான் பிறகு மீடியாவிக்கி என்று பெயர் பெற்றது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் தளமும் இதில்தான் ஓடுகிறது. அவ்வளவு பெரிய சேகரத்தைத் தாங்குவது உங்கள் ஊரைத் தாங்காதா?

இதைவிடச் சின்னதாக டொக்குவிக்கி இருக்கிறது; தகவலை அடுக்கி வைக்கும் தரவுத்தளம் என்ற தனி மென்பொருளே வேண்டாம், பக்கங்கள் வெறும் உரைக் கோப்புகள். ஆனாலும் உங்களுக்கு மீடியாவிக்கியைத்தான் சொல்வேன், ஏனென்றால் பொத்தான்கள் தமிழிலேயே வரும், தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகியவர்களுக்குப் புதிதாக ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் கும்பாபிஷேகம் நடந்த ஆண்டை ஒருவர் பிழையாகப் போட்டுவிட்டார் என்று வையுங்கள். ரொறன்ரோவில் இருப்பவர் 'தொகு' என்பதை அழுத்தி மாற்றுவார். 'வரலாற்றைக் காட்டவும்' என்பதில் இரண்டு வடிவமும் பெயரோடும் நேரத்தோடும் அப்படியே இருக்கும், யாராவது பக்கத்தையே அழித்தாலும் பழையதை உடனே மீட்கலாம். ஊர் வரலாறு எழுதினால் சண்டை வராமல் இராது, அதற்குத் தனியே பேச்சுப் பக்கம் உண்டு.

சரி, செலவு எங்கே? தளப் பெயருக்கும் (இணைய முகவரி), தளத்தை வைத்திருக்கும் கணினியான வழங்கியில் இடத்துக்கும் வருடாவருடம் கட்ட வேண்டும். வழங்கியில் பிஎச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் போன்ற ஒரு தரவுத்தளமும் இருக்க வேண்டும். நிறுவிக் கொடுக்கத் தெரிந்த ஒரு பெடியனுக்குச் சில நாள் கூலி. அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, கணக்கு இல்லாதவர் எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, புதுக் கணக்குகளை நிர்வாகிகளே திறக்கும்படி வைக்க வேண்டும். திறந்து விட்டால் விளம்பரம் போடும் தானியங்கிகள் பக்கங்களை நிரப்பிவிடும். அப்புறம் மாதம் ஒருமுறை தரவுத்தளத்தையும் படக் கோப்புறையையும் இரண்டையுமே நகலெடுத்து வேறிடத்தில் வையுங்கள், ஒன்று மட்டும் போதாது. தளப் பெயரைத் தனியாள் பெயரில் எடுக்காமல் நிலையத்தின் பெயரில் பதியுங்கள், கடவுச்சொல் நிர்வாகத்தில் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும்.