பிரேக் ஹோஸ் கேள்வி பதில்: கல்லடி உப்புக் காற்றிலிருந்து பதினெட்டு வளைவு வரை

காரின் உடலோடு ஓடும் இரும்புக் குழாயிலிருந்து சில்லுக்குப் பிரேக் ஒயிலைக் கொண்டுபோவது ஒரு சின்ன ரப்பர் ஹோஸ். சில்லு திரும்பும், குதிக்கும். அதனால் அந்த இடத்தில் இரும்பு போட முடியாது. பிரேக் பேட் தேய்ந்தால் கீச்சிட்டுச் சொல்லிவிடும். ஹோஸ் அப்படிச் சொல்வதில்லை. அதனால்தான் கிழக்கு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்குக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கல்லடி: அண்ணன், அல்டோ வைத்திருக்கிறேன். ஓடி வந்து நிறுத்தினால் முன் இடது சில்லு மட்டும் கிட்டப் போக முடியாத சூடு. பிரேக் பேடை அமுக்கும் கலிப்பர் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள். மாற்றட்டா?

தம்பி, கலிப்பருக்குக் காசு கொடுப்பதற்கு முதல் ஒரு சோதனை செய்யுங்கள். மட்டமான இடத்தில் நிறுத்தி, பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜக் அடித்து ஸ்டாண்டில் இருத்துங்கள். ஒருவர் பிரேக்கை நன்றாக மிதித்து விடட்டும். சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தால் இறுக்கமாக இருக்கும். இப்போது கலிப்பரில் இருக்கும், காற்று எடுக்கும் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறவுங்கள். ஒயில் பீறிட்டு, சில்லு சட்டென்று இலகுவாகச் சுற்றினால் கலிப்பரில் பிழையில்லை. திரும்பிப் போக வழியில்லாமல் ஒயில் அங்கேயே அடைபட்டு நின்றிருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் இறுக்கம் விடவில்லை என்றால்தான் பிஸ்டனோ ஸ்லைட் பின்னோ சிக்கியிருக்கிறது.

அடைப்பு எங்கே என்று பார்க்க, நிப்பிளை மூடிவிட்டு மறுபடி மிதித்து விடுங்கள். இம்முறை ஹோஸின் மேல் முனையில், இரும்புக் குழாய் வந்து சேரும் நட்டைத் தளர்த்துங்கள். சில்லு விட்டால் கோளாறு மேலே, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடாவிட்டால் ஹோஸ்தான். ஹோஸின் உள் ரப்பர் உரிந்து ஒரு நாக்குப் போலத் தொங்கிக்கொண்டிருக்கும். மிதிக்கிற வேகத்தில் ஒயில் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும்போது அந்த நாக்கே வழியை மூடிவிடும். வெளியில் பார்த்தால் ஒரு வெடிப்புக்கூடத் தெரியாது. சோதனை முடிந்ததும், ஒயிலுக்குள் புகுந்த காற்றை நிப்பிள் வழியாக எடுக்க மறக்க வேண்டாம்.

காத்தான்குடி: பிரேக் பிடிக்கும்போது கார் வலது பக்கம் இழுக்கிறது. காலை எடுத்த பிறகு கொஞ்ச நேரம் இடது பக்கம் இழுக்கிறது. அலைன்மென்ட் பார்த்தும் இழுப்பு நிற்கவில்லை.

மேலே கல்லடித் தம்பிக்குச் சொன்ன அதே வருத்தமாகத்தான் இருக்க வேண்டும். இடது ஹோஸ் அடைபட்டால் இடது சில்லு பிந்திப் பிடிக்கும், பிந்தி விடும். இழுக்கும் பக்கம் மாறுவதுதான் அடையாளம். அந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஹோஸ்தான் என்றால் இரண்டு முன் ஹோஸையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒரே நாளில் பூட்டியது, ஒரே ஓட்டம் ஓடியது. மற்றதுக்கும் அதே வயதுதான்.

களுவாஞ்சிகுடி: நான் ஒரு ஆசிரியை. சேர்விஸுக்குக் கொடுத்த இடத்தில் நான்கு ஹோஸும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

தங்கச்சி, "காட்டுங்கள்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பினால் முன் ஹோஸ் கண்ணுக்குத் தெரியும். டோர்ச் அடித்து, விரலால் ஹோஸை மெதுவாக வளைக்கச் சொல்லுங்கள், முக்கியமாக இரண்டு முனையிலும் இரும்பு கவ்வியிருக்கும் இடத்துக்குக் கிட்ட. மேல் தோலில் மயிரிழைக் கீறல் மட்டும் என்றால் குறித்து வைத்து, அடுத்த சேர்விஸில் மறுபடி பார்க்கலாம். வளைக்கும்போது வெடிப்பு வாய் திறந்து உள்ளே நூல் தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். ஈரம், வீக்கம், ரயரிலோ கம்பியிலோ உரசிய தடம் இருந்தாலும் அப்படியே. இதில் ஒன்றுமே இல்லாமல், சில்லு சூடேறுவதோ ஒரு பக்கம் இழுப்பதோ இல்லாமல் மாற்றச் சொன்னால், இன்னொரு இடத்தில் காட்டிவிட்டு முடிவெடுங்கள். மாற்றினால் பழைய ஹோஸைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

சாய்ந்தமருது: வீடு கடற்கரையோரம். உப்புக் காற்று ரப்பரைத் தின்னுமா?

ரப்பரை விட இரும்பைத்தான் தின்னும், காக்கா. ஹோஸின் முனைகள், அதைப் பிடிக்கும் கிளிப், அதோடு சேரும் இரும்புக் குழாய், இவைதான் நம் கரையோரத்தில் முதலில் துருப்பிடிக்கின்றன. மாரியில் வெள்ளத்துக்குள் ஓடினால் சேறும் சேர்ந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மழை முடிந்ததும் நல்ல தண்ணீரால் சில்லு வளைவுகளை அடித்துக் கழுவுங்கள். அந்த இடத்தில் கிரீஸ், டீசல், பழைய என்ஜின் ஒயில் பூசும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவு செய்து வேண்டாம். கனிய எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப் பழுதாகிவிடும்.

சம்மாந்துறை: ஹோஸில் லேசான கசிவு. பெருநாள் முடியும் வரை டேப் சுற்றி ஓட்டலாமா?

ஓட்டவே கூடாது. ரயருக்குள் இருப்பது 30 பிஎஸ்ஐ அளவு காற்று. பிரேக்கை ஓங்கி மிதித்தால் இந்த ஹோஸுக்குள் 1000 பிஎஸ்ஐக்கு மேல் ஏறும். எந்த டேப்பும் நிற்காது. பெருநாளைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது. ஓட்டோ பிடியுங்கள்.

அக்கரைப்பற்று: நானே மாற்றலாமா? ஸ்பானர் பிடித்துப் பழக்கம் உண்டு.

பழக்கம் இருந்தால் மாற்றலாம். ஆனால் முதல் தடவை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். சிக்கல் பெரும்பாலும் மேல் நட்டில்தான் வரும். துருப்பிடித்த அந்த நட்டைச் சாதாரண ஓப்பன் ஸ்பானரால் பிடித்தால் மூலை மழுங்கி, கடைசியில் இரும்புக் குழாயும் முறுக்கி உடையும். அப்புறம் செலவு இரட்டிப்பு. முதல் நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். குழாய் நட்டுக்கென்றே வாய் வெட்டிய ரிங் போன்ற ஸ்பானர் கடையில் இருக்கிறது, அதைப் பாவியுங்கள். ஹோஸ் முனையை இன்னொரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டுதான் நட்டைத் திருக வேண்டும்.

கலிப்பர் பக்கம், ஒயில் போகத் துளையிட்ட போல்ட் இருந்தால் அதன் இரு பக்கமும் செம்பு வாஷர் இருக்கும். பழையதைத் திரும்பப் போடாதீர்கள். ஒரு தடவை நசுங்கியது மறுபடி சரியாக அடைக்காது. கலிப்பரைக் கழற்ற நேர்ந்தால் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டுங்கள். புது ஹோஸில் நீளவாக்கில் ஒரு கோடு இருந்தால், பூட்டிய பிறகு அது சுருளாமல் நேராக ஓட வேண்டும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடவோ உரசவோ இல்லை என்று பாருங்கள்.

காற்று எடுக்கும்போது பிரேக் ஒயில் ஊற்றும் ரிசர்வொயர் காலியாக விடக் கூடாது. எந்தச் சில்லில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கைநூலைப் பாருங்கள். ஒயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். முடித்ததும் பெடலை அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் இருங்கள். மற்றவர் இணைப்புகளைக் கடதாசியால் துடைத்துப் பார்க்கட்டும். கடதாசி நனையக் கூடாது.

செங்கலடி: கண்டியிலிருந்து மகியங்கனை வழியாகத் திரும்பும்போது, பதினெட்டு வளைவு இறக்கத்தில் பெடல் மெத்தென்று உள்ளே போனது. நிறுத்தி ஆறவிட்டதும் சரியாகிவிட்டது. ஹோஸ் வீங்கியிருக்குமா?

ஆறியதும் சரியானது என்றால் என் சந்தேகம் ஹோஸில் இல்லை, ஒயிலில். சூட்டில் ஒயில் கொதித்தால் ஆவிக் குமிழி வந்து பெடல் மெத்தென்று போகும். பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, 155. நம் ஊர் ஈரக் காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவதுதான் நல்லது. மூடியில் எழுதியிருக்கும் வகையையே, முத்திரை உடைக்காத போத்தலில் வாங்குங்கள். இறங்கும்போது முதலாம், இரண்டாம் கியரில் வாருங்கள். ஓட்டோ கியர் என்றால் எல், பீ, எஸ் எது இருக்கிறதோ அதில் போடுங்கள்.

மட்டக்களப்பு வீதியில் ஆறிய நிலையிலும் பெடல் மெத்தென்று இருந்தால்தான் உள்ளே காற்றோ ஹோஸில் வீக்கமோ இருக்கும். ஒருவர் மிதிக்க, நீங்கள் ஹோஸைச் சுற்றி விரலை வைத்துப் பாருங்கள். நல்ல ஹோஸ் விரலுக்குள் பருக்காது.

பொத்துவில்: உடைத்து விற்கும் ஜப்பான் கார்களின் பாவித்த ஹோஸ் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

கதவு வாங்குங்கள், கண்ணாடி வாங்குங்கள். ஹோஸ் வேண்டாம். அதன் உள் ரப்பர் எப்படியிருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வண்டியின் செசி நம்பரைக் கொடுத்து, நீளமும் முனையும் பொருந்தும் புது ஹோஸ் கேளுங்கள்.