பங்குக் காசு கைக்கு வரும் நாள்

கேள்வி: அக்கா, தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். வயது 34, விசைப்படகில் டிரைவர். தினமும் குடிக்கிற ஆள் இல்லை, கடலில் தொடவே மாட்டேன். ஆனால் கரையேறி, இறாலை எடை போட்டு, பங்கு பிரித்துக் காசு கைக்கு வந்துவிட்டால் அன்று மூன்று குவார்ட்டர் வரை போய்விடுகிறது. நடுவில் நிறுத்த வரவில்லை. போன வாரம் வலைக் குவியல் மேல் விழுந்து கிடந்தேன். ஏழாவது படிக்கிற மகள்தான் வந்து எழுப்பினாள். விட்டுவிடுவது என்று முடிவெடுத்துவிட்டேன். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, அன்றிலிருந்து விடலாமா? இல்லை, ஒரு கட்டிங்கோடு நிறுத்திப் பழகலாமா? கூட்டாளிகள் “வாரத்துக்கு ரெண்டு நாள் குடிக்கிறவன் குடிகாரனா?” என்கிறார்கள். வீட்டில் சோற்றில் கலக்க ஏதோ மாத்திரை வாங்கி வைத்திருக்கிறாள்.

பதில்: கூட்டாளிகள் பேச்சை ஓரமாக வையுங்கள் தம்பி. குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் பார்த்தால் உள்ளே சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். ஒரே வேளையில் அவ்வளவு போனாலே அளவுமீறிய குடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் மூன்று குடிக்கிறீர்கள். ஈரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும். செவ்வாய் ராத்திரி குடித்துவிட்டுப் புதன் காலையில் வீல் பிடிக்கும்போது பாதிக்கு மேல் உடம்பில்தான் இருக்கும். கடலில் தொடுவதில்லை, சரி, ஏற்றிக்கொண்டுதானே போகிறீர்கள்?

கட்டிங்கோடு எழுந்துபோகிற ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் அந்த ரகம் இல்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. ‘போதும்’ என்று சொல்ல வேண்டிய புத்தியைத்தான் முதல் கட்டிங் மழுங்கடிக்கும். அதனால் குறைக்கிற பேச்சே வேண்டாம்.

தடைக்காலத்துக்குக் காத்திருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. பங்கே இல்லாத 61 நாளில் குடிக்காமல் இருப்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். தவக்காலம் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு ஈஸ்டர் முடிந்த கையோடு வார்டுக்கு வந்தவர்களுக்கு டிரிப் ஏற்றியிருக்கிறேன். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் ஜனவரியில் வருவார்கள். ஜூன் 14-க்குப் பிறகு முதல் தடவை கடலுக்குப் போகும்போதே இறால் அள்ளும், கை நிறையக் காசு வரும். அந்த ராத்திரிக்கு உங்களிடம் என்ன பழக்கம் இருக்கும்? படகு ஓடுகிறபோதே, பங்கு பிரிக்கிற நாளிலேயே தொடங்குங்கள்.

அந்த நாளைத்தான் மாற்ற வேண்டும். பங்கை மனைவி நம்பருக்கு ஜிபே பண்ணச் சொல்லி ஓனரிடம் இப்போதே பேசிவிடுங்கள். தூக்கமில்லாமல், வெறும் வயிற்றோடு கரையேறுகிற உடம்புக்குச் சரக்கு ஆசை இரண்டு மடங்கு. எடை போட்டதும் நேரே வீடு, சோறு, தூக்கம். கடை பகல் 12-க்குத் திறந்து ராத்திரி 10-க்கு மூடுகிறது. அந்த இடைவெளியைத் தனியாகக் கழிக்காதீர்கள். மகளை டியூஷனில் விட்டுக் கூட்டி வருகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாமே. கூட்டாளிகள் கேட்டால் “மாத்திரை சாப்பிடுறேன்”. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் யோசித்துப் பாருங்கள். குடிக்காத நாள் காலையில் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா? எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? ஆம் என்றால் வீட்டில் இருந்தபடி ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதன் பிறகு இல்லாத ஆள் இருப்பதாகத் தெரிகிற மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் தயமின் என்கிற வைட்டமின் ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பாருங்கள். போகும் முன் பேச வேண்டுமென்றால் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமில்லை.

அந்த மாத்திரை பெரும்பாலும் டைசல்பிராம்தான். தெரியாமல் கலந்து கொடுத்து, அன்றைக்கே நீங்கள் குடித்துவிட்டால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் விழுந்து உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். உங்கள் மனைவி மேல் எனக்குக் கோபம் இல்லை, பாவம், அவர் வேறு என்ன செய்வார்? சோற்றில் கலந்தாயிற்றா என்று இன்றைக்கே கேளுங்கள். அட்டையை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாகவே டாக்டரிடம் போங்கள். ஈரலுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆசையைக் குறைக்கிற நால்ட்ரெக்ஸோன் உங்களுக்குச் சரிப்படுமா என்று அவரே சொல்வார்.