சுவரில் உதைத்துப் பழகுபவர்களுக்கு: கால்பந்து கேள்வி பதில்

தனியாகப் பயிற்சி செய்பவர்கள் பாஸ், பந்துக் கட்டுப்பாடு பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, பந்தைத் திருப்பி அனுப்பும் ரீபவுண்டர் வலை வாங்க வசதியில்லை. காம்பவுண்டு சுவர் போதுமா?

தாராளமாகப் போதும் தம்பி. நெதர்லாந்து கால்பந்து வீரர் டென்னிஸ் பெர்காம்ப் சிறுவயதில் ஆம்ஸ்டர்டாமில் பெரும்பாலும் தனியாகச் சுவரில்தான் உதைத்துக்கொண்டிருந்தார். பந்து எப்படிப் பட்டால் எப்படித் திரும்புகிறது என்று கவனிப்பதே அவருக்கு விளையாட்டு. 1998 உலகக் கோப்பை காலிறுதியில், சக வீரர் ஃபிராங்க் டி போர் மைதானத்தின் தங்கள் பாதியிலிருந்து தூக்கி அனுப்பிய பந்தைக் காற்றிலேயே அமர்த்தினார். அடுத்த தொடுதலில் அர்ஜென்டினா தடுப்பாட்டக்காரரைக் கடந்தார், மூன்றாவதில் கோல். அந்த முதல் தொடுதலை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. சுவரில் தரையோடு அடித்தால் அநேகமாகத் தரையோடே திரும்பும். வலையைச் சாய்த்து வைத்தால் பந்து எழும்பி வரும், தொடையிலும் நெஞ்சிலும் வாங்கிப் பழகலாம். பாஸுக்குச் சுவரே நல்லது.

தினமும் 200 பாஸ் அடிக்கிறேன். மூன்று மாதமாகிறது. மேட்சில் மட்டும் பந்து காலில் நிற்பதில்லை. ஏன்?

நீங்கள் ஒரே இடத்தில், சுவருக்கு நேராக நின்று, ஒரே காலால் அடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பந்து எங்கே வரும் என்று முன்பே தெரிந்துவிடுகிறது. மேட்சில் அது தெரியாது.

முதலில் சற்றுச் சாய்வாக அடியுங்கள். எந்தக் கோணத்தில் போகிறதோ ஏறக்குறைய அதே கோணத்தில் மறுபக்கம் விலகிப் போகும், நீங்கள் ஓடித்தான் ஆகவேண்டும். அப்புறம் உடலைப் பாதி திருப்பி, பந்து வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காலில் வாங்குங்கள். அடிக்கும்போது கணுக்கால் இறுக்கமாக இருக்கட்டும், வாங்கும்போது தளர்ந்திருக்கட்டும். பந்து படும் நொடியில் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால் வேகம் அடங்கிவிடும். ஆனால் காலடியிலேயே செத்துக் கிடக்கவிடாமல், அடுத்த பாஸ் அடிக்க வசதியாக ஓரடி தள்ளி வையுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம், பந்து திரும்பி வருவதற்குள் ஒருமுறை தோளுக்குப் பின்னால் பார்ப்பது. ஜெர்மனியில் டார்ட்மண்ட் அணி ஃபுட்போனாட் என்ற எந்திரக் கூண்டில் பயிற்சி செய்கிறது. 14 மீட்டர் சதுரம், சுற்றிலும் 72 கட்டங்கள். ஒரு கட்டத்திலிருந்து பந்து பாயும், இன்னொன்றில் விளக்கு எரியும். வாங்கி, திரும்பி, அந்தக் கட்டத்துக்குள் அடிக்கவேண்டும். அவ்வளவு செலவு நமக்கு வேண்டாம். தங்கையைப் பின்னால் நிற்கவைத்து, பந்து வரும்போது விரல்களைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை விரல் என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். முதல் வாரம் பந்து தவறிக்கொண்டே இருக்கும். விட்டுவிடாதீர்கள்.

இடது கால் சுத்தமாக வரவில்லை.

பல பேருக்குக் கோளாறு இடது காலில் இல்லை, ஊன்றும் வலது காலில்தான். அதைப் பந்துக்குப் பக்கத்தில், விரல்கள் இலக்கைப் பார்க்கும்படி ஊன்றுங்கள். சுவரிலிருந்து மூன்று மீட்டரில் மெதுவாகத் தொடங்குங்கள். வலதில் ஒன்று என்றால் இடதில் இரண்டு.

என் மகளுக்கு 9 வயது. பந்து காலில் பட்டுத் தெறித்துத் தெறித்து ஓடுகிறது, வலிக்கிறது என்கிறாள்.

பந்தைப் பாருங்கள் அம்மா. 5-ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் எடை, அது பெரியவர்களுக்கானது. அவளுக்கு 4-ஆம் எண் போதும். காற்றையும் கல் மாதிரி அடைக்காதீர்கள். 15 நிமிடம் விளையாடட்டும். அப்படியும் வலித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

முன்னேறுகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுவரில் சாக்பீஸால் ஒரு கட்டம் வரையுங்கள். ஐந்து மீட்டரில் நின்று, ஒரு தொடுதலில் வாங்கி அடுத்ததில் அடித்து, ஒரு நிமிடத்தில் எத்தனை உள்ளே படுகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனியாக. வாரம் ஒருமுறை எண்ணினால் போதும். மற்ற நாட்களில் எண்ணிக்கையை மறந்துவிட்டுப் பந்து படும் இடத்தை மட்டும் கவனியுங்கள்.